வேலை போன பிறகும் வேலையில் இருந்த உன் அம்மா

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அந்த நம்பிக்கையைப் பொய்யாக்காதே. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, நான் சரிசெய்து அல்ல, நான் கைவைத்ததும் இன்னும் அதிகமாக ஒழுகியதால் அம்மா பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டாள். டிரைவிங் ஸ்கூலில் முதலாளி புதுக் கார் வாங்கியிருக்கிறார், கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கிறது, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அதனாலேயே கெட்டுப்போவார்களே என்று எனக்குக் கவலை. மேல்வீட்டுத் தையல்காரர் நாலாவது தடவையாகப் போய் ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிவிட்டார், அன்றிலிருந்து தெருவில் எல்லோரும் ஓரமாகவே நடக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. கம்பெனியில் உன் பிரிவையே மூடி உங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகைக்கு மனு கொடுத்து ஒன்பது வாரம் ஆகிறது, போகும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள், செலவுக்கு நண்பனிடம் கடன் வாங்கியிருக்கிறேன், இனிமேல் அந்த ஆபீஸ் வாசலை மிதிக்கவே மாட்டேன், தெரிந்தவர்கள் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது என்றாய். அதோடு அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாய். மன்னித்துக்கொள், சொல்லிவிட்டேன். நான் மறைத்து வைத்தாலும் என் முகம் மறைக்காது, போனை வைத்த பத்தாவது நிமிஷமே என்ன விஷயம் என்று கேட்டாள். நீ பயந்த மாதிரி அவள் அழவில்லை. சாப்பிடுகிறானா என்று கேட்டாள், வாடகை கட்டிவிட்டானா என்று கேட்டாள், பிறகு கொஞ்ச நேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்த வருஷத்தை அவனுக்கு எழுதுங்க. நான் சொன்னா பெருமையடிச்ச மாதிரி இருக்கும், நீங்க எழுதுங்க" என்றாள். போனில் சொன்னால் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீ படிப்பின் கடைசி வருஷத்தில் ஹாஸ்டலில் இருந்தாயே, அந்த வருஷம் உன் அம்மாவுக்கு உடம்பு அசதியாக இருக்கிறது, லீவு போட்டிருக்கிறாள் என்று நாங்கள் சொன்னோம். அது பொய். அம்மாவுக்கு வேலை போயிருந்தது. துண்டு நெய்கிற அந்தத் தொழிற்சாலையில் பதினேழு வருஷம் அவள் கடைசி செக்கிங்கில் இருந்தது உனக்குத் தெரியும். நீளமான மேஜை, மேலே டியூப்லைட், ஒவ்வொரு துண்டையும் விரித்து இரண்டு பக்கமும் பார்த்து, இழை விட்டிருக்கிறதா, தையல் தாண்டியிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளவேண்டியதைத் தள்ளி விடுவாள். அங்கே எல்லோருக்கும் அவள் செக்கிங் அக்காதான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனபோது கேட்டில் பெரிய பூட்டு, பூட்டுக்கு மேலே ஒரு தாளில் நாலு வரி, ஆலை மூடப்பட்டது என்று. உள்ளே இருந்த இவள் சாப்பாட்டு டப்பாவையோ ஆணியில் மாட்டியிருந்த ஸ்வெட்டரையோ எடுக்க விடவில்லை. நாற்பத்தியாறு பெண்கள் அந்தக் கேட்டுக்கு முன்னால் மத்தியானம் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். எனக்கும் அந்தச் சமயம் பார்த்துக் கண்ணில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடமுடியாமல் போனது, பிறகு போனபோது கற்றுக்கொள்ள வருகிறவர்களும் பாதியாகக் குறைந்திருந்தார்கள். வீடு உன் அம்மாவின் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது என்பது அந்தச் சம்பளம் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. உனக்குப் பரீட்சை, ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

உதவித்தொகைக்கு மனு கொடுத்தாள். ஆறு வாரத்துக்குள் பதில் வரும் என்றார்கள், வந்தது, சொன்ன நாளில் வந்தது அது ஒன்றுதான். தாங்கள் தற்போதும் பணியில் இருப்பதாகப் பதிவுகள் காட்டுவதால் மனு ஏற்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. அம்மா அதை மூன்று தடவை படித்துவிட்டு, "வேலையில இருக்கேனாம். அப்ப என் சம்பளத்தை யார் வாங்கிட்டுப் போறா?" என்றாள். சிரித்தோம், அன்றைக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் அந்த ஆபீசுக்குப் போனாள். மரச்சாமான் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, டோக்கன் கொடுக்கிற மெஷின், ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் சேர்த்த நாற்காலிகள், ஒருவர் எழுந்தால் அந்த வரிசையே ஆடும். நாலாவது கவுன்டரில் ஒருவர் இருந்தார், எதைக் கேட்டாலும், "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுதும்மா" என்பார், அதனால் பெண்கள் அவருக்கு சிஸ்டம் சார் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆலையில் இவர்கள் வேலையை விட்ட தேதியைக் கம்பெனிதான் பதிவு செய்யவேண்டும், அது சரியாக இல்லை, கம்பெனியைத் திருத்தச் சொல்லுங்கள் என்றார். கம்பெனி எங்கே இருக்கிறது? பூட்டு இருக்கிறது. முதலாளியின் போன் எந்நேரமும் அணைந்தே கிடந்தது, கணக்குப் பார்த்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம்.

இப்போது என்னைப் பற்றி ஒன்று எழுதவேண்டும், எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ போனில் வெட்கமாக இருக்கிறது என்றபோது எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவன் நான். தெருவில் போனால் சார் என்று கூப்பிட ஆள் உண்டு. டிரைவிங் ஸ்கூல் காரின் தலையில் பலகை வேறு, எங்கே நின்றாலும் அரை மைலுக்குத் தெரியும். அந்தக் காரில்தான் அம்மாவை அந்த ஆபீசுக்குக் கூட்டிப்போனேன், ஆனால் வாசலில் இறக்கிவிட மாட்டேன். இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக் கடைப் பக்கத்தில் நிறுத்தி இறக்கிவிட்டு, அங்கே திரும்ப வசதி இல்லை என்று சொல்வேன். முப்பது வருஷம் வண்டியைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தவனுக்குத் திரும்ப வசதி இல்லையாம். அம்மா ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடப்பாள். அந்த வெட்கம் உனக்கு அம்மாவிடமிருந்து வந்ததில்லை, என்னிடமிருந்து வந்தது.

ஒன்பதாவது வாரம், நீ இப்போது இருக்கிற அதே வாரம், அவள் போய்விட்டுச் சாயங்காலம் மருந்துக் கடைக்கு நடந்து வந்து காரில் ஏறினாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன ஆச்சு என்றேன். சும்மா ஒரு ரவுண்டு போங்க என்றாள். எங்கே போவது என்று தெரியாமல் எங்கள் பயிற்சி மைதானத்துக்கே விட்டேன், அங்கே அந்த நேரத்தில் யாரும் இல்லை, எட்டுப் போடுவதற்காக நட்ட கம்புகள் மட்டும் நின்றன. முதல் கியரில் அந்த எட்டையே சுற்றிச் சுற்றி ஓட்டினேன், பக்கத்தில் அவள் சத்தமில்லாமல் அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்று கவுன்டரில் அவளுக்குப் பின்னால் நின்ற யாரோ, கொழுத்த கூட்டம், உழைக்காமல் காசு கேட்டு வந்துவிடுகிறது என்று காதுபடச் சொன்னானாம். பதினேழு வருஷம் நின்றே வேலை பார்த்து இரண்டு குதிகாலும் வெடித்துப்போனவளைப் பார்த்து. அழுது முடித்தபிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வேலை போனது எனக்கு. அதுக்கு நீங்க ஏன் ரெண்டு தெரு தள்ளி நிக்கிறீங்க? கேட்டைப் பூட்டினவனே வெக்கப்படலை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், மெதுவாகச் சொன்னாள். நான் காரை நிறுத்திவிட்டேன். மறுநாள் அவளை ஆபீஸ் வாசலிலேயே, மரச்சாமான் கடைக்கு முன்னால், பலகை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி இறக்கிவிட்டேன். என்னிடம் கற்றுக்கொண்ட ஒருத்தர் அங்கே நின்றுகொண்டிருந்தார், வணக்கம் சார் என்றார், அவர் கையிலும் அதே டோக்கன் இருந்தது.

அதற்குப் பிறகுதான் உன் அம்மா செக்கிங்கில் இறங்கினாள். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி பதில் வந்திருப்பது அவளுக்குத் தெரியும், சிலருக்குப் பணியில் இருக்கிறீர்கள் என்று, சிலருக்குப் பரிசீலனையில் என்று, சிலருக்குத் தேதி ஒத்துப்போகவில்லை என்று. எல்லோரும் கடுதாசியை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். முப்பது பேர் வந்தார்கள். முன்னறையில் நாற்காலியை எல்லாம் வெளியே போட்டுவிட்டு, கடுதாசிகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள், துண்டைப் பார்க்கிற மாதிரியே, முன்பக்கம் பார்த்துவிட்டுப் புரட்டிப் பின்பக்கம். நாங்கள் எல்லோரும் முன்பக்கத்தை மட்டும் படித்திருந்தோம். பேக்கிங்கில் இருந்த அவள் தோழி ஒருத்தி, எந்நேரமும் ஒட்டுகிற டேப்பை வளையல் மாதிரி கையில் மாட்டியிருப்பாளே, டேப் அக்கா, அவளுடைய கடுதாசியின் பின்பக்கம் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது, பணி நீங்கிய தேதி என்று போட்டு ஒரு தேதி. நாள் சரி, மாதம் சரி, வருஷம் மட்டும் அடுத்த வருஷம். கம்பெனியில் அவசரத்தில் யாரோ ஒருவர் ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டு, அதையே எல்லோருக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சிஸ்டத்தைப் பொறுத்தவரை நாற்பத்தியாறு பேரும் இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்தப் பூட்டின கேட்டுக்குள்ளே துண்டு நெய்துகொண்டிருந்தார்கள். அம்மா அந்த வரியில் விரலை வைத்து, இழை விட்டது இங்கேதான் என்றாள்.

மறுநாள் போய்க் காட்டினாள். சிஸ்டம் சார் பார்த்தார், நெற்றியைச் சொறிந்தார், தப்புதானம்மா, ஆனால் இதைக் கம்பெனி திருத்தவேண்டும், இல்லையென்றால் கம்பெனி அன்றைக்கே மூடியது என்று அரசாங்க முத்திரையோடு ஏதாவது ஒரு தாள் வேண்டும் என்றார். கேட்டில் ஒட்டிய தாள் மழையில் கரைந்துபோயிருந்தது. முத்திரைக்கு எங்கே போவது என்று நான் கை விரித்துவிட்டேன். அம்மா இரண்டு நாள் யோசித்தாள், காய் நறுக்கும்போது யோசித்தாள், குளிக்கும்போது யோசித்தாள், மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, கரண்ட் இல்லாம மெஷின் ஓடுமா என்று என்னைக் கேட்டாள். மின்சார ஆபீசுக்குப் போனாள். ஆலைக்கு இணைப்பைத் துண்டித்த தேதியைக் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தாள், அங்கேயும் இரண்டு தடவை அலைந்தாள். அங்கே மேஜையில் இருந்தவர் உங்களுக்கு எதற்கம்மா ஆலையின் மின்சாரம் என்று கேட்டாராம், நான் இன்னும் அங்கே வேலை பார்ப்பதாகச் சொல்கிறார்கள், இருட்டில் எப்படிப் பார்க்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் என்றாளாம். முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார். தம்பி, என் காரில் கற்றுக்கொள்பவர் தப்புச் செய்தால் மிதிப்பதற்கு என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும், அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது, பத்தாவது வரை படித்தவள், பேச ஆள் இல்லை, பின்னால் ஆள் இல்லை, அவளே யோசித்து அவளே போய் அவளே வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று அந்தத் தாளை அவள் மேஜையில் வைத்தபோது நான் அதை இரண்டு கையாலும்தான் எடுத்துப் பார்த்தேன்.

அந்தத் தாளைச் சிஸ்டம் சார் உள்ளே மேலதிகாரியிடம் கொண்டுபோனார். மேலதிகாரி ஒரு அம்மாள், சுருக்கமாகப் பேசுகிறவர். இந்த ஆதாரம் போதும், உங்கள் மனுவை இன்றே மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றார். மற்றவர்களுக்கும் இதே தப்புதான், எல்லோருக்கும் சேர்த்துத் திருத்திவிடுங்கள் என்று அம்மா கேட்டாள். முடியாது, ஒவ்வொருவரும் தனித்தனியாக மறுபரிசீலனை மனு போடவேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் கேட்கமுடியாது என்றுவிட்டார். அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாளாம். பிறகு கையெழுத்துப் போட்டாள். பதினாலாவது வாரம் பணம் வந்தது, முதல் வாரத்திலிருந்து சேர்த்து வந்தது. நான் சந்தோஷத்தில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அன்று சாயங்காலமே டேப் அக்கா வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. "என் கடுதாசியைக் காட்டி உன் காசை வாங்கிட்டே. நாங்க இன்னும் அந்தக் கேட்டுக்குள்ளதான் இருக்கோம்" என்றாள். எனக்குக் கோபம் வந்து எழுந்தேன், அம்மா என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். "எப்படி வாங்குறதுன்னு ஒருத்தி வாங்கிப் பார்த்தாத்தானே தெரியும். காலைல ஒம்பது மணிக்குக் கடுதாசியோட வா" என்று மட்டும் சொன்னாள். டேப் அக்கா திரும்பிப் போய்விட்டாள்.

காலையில் டேப் அக்கா வரவில்லை, மற்றவர்கள் வந்தார்கள், முதல் நாள் நாலு பேர், அடுத்த நாள் பதினோரு பேர். அம்மா ஒவ்வொருவருக்கும் தன் கையால் மனு எழுதினாள், ஒரே மாதிரி எழுதி ஜெராக்ஸ் எடுத்தால் ஒரே குப்பையாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொருவர் பிரிவு, எத்தனை வருஷம், கடைசிச் சம்பளம் வாங்கிய நாள் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினாள். தன் பணம் வந்த பிறகு, தம்பி, அதைக் கவனி. அவள் அந்த ஆபீசுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லாத நாட்களில்தான் அதிகமாகப் போனாள். நான் பாடம் இல்லாத நேரத்தில் நாலு நாலு பேராக காரில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் இறக்கினேன், முதலாளி பார்த்துவிட்டு, பெட்ரோலை என் கணக்கில் போட்டுக்கொள்கிறேன், பலகையை மட்டும் எடுக்காதே, விளம்பரமாக இருக்கட்டும் என்றார். சிஸ்டம் சாரும் மாறிவிட்டார், எந்தத் தாள் மேலே இருக்கவேண்டும், எங்கே பின் போட்டால் திரும்பி வராது என்று அவரே சொல்லிக்கொடுத்தார், ஜன்னலோரம் ஒரு மேஜையைக்கூட ஒதுக்கிக் கொடுத்தார். நான் முதலில் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன், அம்மா அப்படி நினைக்கவே இல்லை, ஒரு நாளைக்கு நூறு பேருக்கு இல்லை என்று சொல்கிற வேலை அவருக்கு, அதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவேண்டுமே என்பாள். ஒருநாள் அவர், நீங்கள் எங்கள் ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்துவிடுங்கள் அம்மா என்றாராம். சேர்ந்துவிடுவேன் சார், ஆனால் நான் ஏற்கனவே துண்டு ஆலையில் வேலையில் இருப்பதாக உங்கள் சிஸ்டம் சொல்லுமே என்றாளாம். அந்த வரிசை நாற்காலிகள் எல்லாம் ஆடுகிற அளவுக்கு எல்லோரும் சிரித்தார்களாம்.

டேப் அக்காவுக்கும் மனு எழுதி வைத்திருந்தாள், கையெழுத்துத்தான் வேண்டும். மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனாள், முதல் இரண்டு தடவை கதவு திறக்கவில்லை, உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை நானும் போனேன். கதவு திறந்தது. உள்ளே அறை முழுக்க அட்டைப்பெட்டிகள், வீட்டைக் காலி செய்யத் தயாராகக் கட்டி வைத்திருந்தாள், எத்தனை அழகாகக் கட்டியிருந்தாள் தெரியுமா, ஒவ்வொரு மூலையும் கத்தி மாதிரி மடிப்பு. வாடகை நாலு மாதம் நிற்கிறது, மாதக் கடைசியில் போகச் சொல்லிவிட்டார்கள் என்றாள். அம்மா பெட்டிகளைப் பார்க்காத மாதிரி மனுவை ஒரு பெட்டியின் மேல் வைத்தாள், டேப் அக்கா நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். அங்கிருந்து அம்மா நேராக வீட்டுக்காரரிடம் போனாள், மறுபரிசீலனை மனுவின் ரசீதையும் தனக்குப் பணம் வந்த கடுதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள், எனக்குப் பதினாலு வாரம் ஆனது, ஆனால் வந்துவிட்டது, இவளுக்கும் வரும், இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று பேசி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினாள். டேப் அக்காவுக்கு இருபதாவது வாரம் வந்தது. அன்று வந்து, வந்துடுச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் நின்றாள். உட்காரு, டீ போடறேன் என்றாள் அம்மா. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் இரண்டு பேரும் டீயை ஆறவிட்டுவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். மூன்று பேர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை, கெடுவுக்குள் அவர்களுடைய மனு போகவில்லை. இன்றைக்கும் துணி மடிக்கும்போது அந்த மூன்று பேர் என்று ஆரம்பிப்பாள், நாற்பத்திமூன்று பேர் என்று நான் சொல்வேன், அந்தக் கணக்கு அவளுக்கு ஆறுதலாக இருந்ததில்லை.

அம்மா இப்போது ஆஸ்பத்திரித் துணிகள் துவைத்து வருகிற இடத்தில் செக்கிங்கில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரிந்ததுதான், காலை ஏழு மணிக்குப் போய்விடுகிறாள், சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, நாற்காலி உண்டு. இதையெல்லாம் இத்தனை நாள் உன்னிடம் சொல்லாததற்கு அவள் காரணமல்ல, பரீட்சை முடிந்த பிறகும் நான்தான் சொல்ல விடவில்லை, சொன்னால் மருந்துக் கடையையும் சொல்லவேண்டி வருமே என்று. இப்போது சொல்லிவிட்டேன், லேசாக இருக்கிறது. உனக்கு அம்மா சொல்லச் சொன்னவை சில. அந்த ஆபீசிலிருந்து வந்த எல்லாத் தாளையும் பின்பக்கத்தோடு படி. எந்தத் தேதியில் யாரைப் பார்த்தாய், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுது. கம்பெனி உன்னைப் பற்றி என்ன பதிவு செய்திருக்கிறது என்று வாயைத் திறந்து கேள், பரிசீலனையில் இருக்கிறது என்றால் எதைப் பரிசீலிக்கிறீர்கள் என்று கேள், கோபப்படாமல் கேள், ஆனால் பதில் வரும்வரை நகராதே. உன்னோடு அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன பதில் வந்திருக்கிறது என்று விசாரி. நண்பனிடம் கடன் கேட்க உனக்கு வெட்கமில்லை, உனக்கு உரியதைக் கேட்க வெட்கமா என்று கேட்கச் சொன்னாள், அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் அவளுக்கே எழுது. இனி என் பங்குக்கு, முகத்தை மழித்துக்கொள், பகலில் படுக்காதே, ஒரு வேளையாவது சூடாகச் சமைத்துச் சாப்பிடு.

உனக்கு ஒரு கெடுதலும் அண்டாமல், போன இடமெல்லாம் கதவு திறந்து, தலைநிமிர்ந்து நடந்து நீடூழி வாழவேண்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். வருகிற ஞாயிறு சாயங்காலம் அம்மா கூப்பிடுவாள், எல்லாத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனை எடு, தேடிப்பார்த்துச் சொல்கிறேன் என்று இழுக்காதே, அவளுக்குப் பிடிக்காது.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா

தம்பி, அம்மா எழுதறேன். அப்பா எழுதினதைப் படிச்சேன். என்னைப் பத்தி அதிகமாப் போட்டிருக்கார், அதுல பாதியைத் தள்ளிடு. ஒண்ணை மட்டும் அவர் எழுதலை. அந்த ஒன்பதாவது வாரம், மைதானத்துல இருந்து வந்ததும் நானும் இனிமே போறதில்லைன்னு முடிவு பண்ணி ஃபைலை அலமாரி மேல தூக்கிப் போட்டுட்டேன். மறுநாள் காலைல எழுந்து பார்த்தா அப்பா ஷூ மாட்டிக்கிட்டு, அந்த ஃபைலைத் துடைச்சு மடியில வெச்சுக்கிட்டு வாசப்படியில உட்கார்ந்திருந்தார். ஏழு மணியிலேர்ந்து. வான்னு கூப்பிடலை. அதனாலதான் போனேன். உனக்கு அங்க அப்படி உட்கார ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலைல நீ கிளம்புற நேரத்தைச் சொல்லு, நாங்க ரெண்டு பேரும் இங்க உட்கார்ந்திருப்போம்.

அம்மா